நான்கு டப்பாவில் ஒரே வயிறு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

பயிற்சியின் கடைசி நாளில் என்னைப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிடம் என்றார்கள். பத்து நிமிடத்தில் எனக்குக் கும்பிடு போட்டு உட்காரத்தான் நேரம் இருக்கும். மைக் வேறு ஒரு வார்த்தை விட்டு ஒரு வார்த்தையை விழுங்கியது. பின்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டதையும் பார்த்தேன். கோபமில்லை. மதியம் பிரியாணி போட்டுவிட்டு அதற்குப் பின் பேச்சு வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். படிக்கும்போது கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள், எனக்குத் தெரியப்போவதில்லை.

நான் செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தின் மருமகள். பிள்ளைகள் காலேஜுக்குப் போனபின் வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. இந்தத் திட்டத்தில் களப்பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். "இன்னா வேலைம்மா?" என்று கல்லாவில் இருந்தபடியே மாமனார் கேட்டார். "குழந்தைகளைப் பார்த்துக்கிற வேலை மாமா" என்றேன். அது பொய்யில்லை. குழந்தைகளின் எந்தப் பக்கத்தைப் பார்க்கிற வேலை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு விஷயம் தெரிய வந்தபோது நான் சூப்பர்வைசர் ஆகியிருந்தேன். அதனால் சத்தம் போட முடியாமல் இரண்டு நாள் மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார்.

வேலை உங்களுக்கே தெரியும். சுற்று வட்டாரக் கிராமங்களில் பிறக்கிற குழந்தைகளை மூன்று வயது வரை பின்தொடர்வோம். அவ்வப்போது சின்னக் கரண்டி வைத்த மூடியுள்ள டப்பாவை வீட்டில் கொடுத்து, குழந்தையின் ஆயைக் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லி, ஐஸ் பெட்டியில் போட்டு லேபுக்கு அனுப்புவோம். இன்னொரு பக்கம், மனவளர்ச்சி பார்க்கிற பெண் ஒருவர் பொம்மையும் கட்டைகளும் கொண்டுவந்து குழந்தை எப்படி விளையாடுகிறது, எப்படிப் பேசுகிறது, எதற்கு அழுகிறது என்று பார்ப்பார். வயிற்றில் குடியிருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கும் தலைக்குள் வளர்கிற மூளைக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு என்று நினைக்கக் காரணங்கள் இருக்கின்றன. குடலிலிருந்து மூளைக்கு நேராக ஒரு நரம்பு போகிறது. அந்த உயிர்கள் உண்டாக்கும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. கிருமியே படாமல் வளர்த்த எலிகள் பயப்படுவதிலும் பழகுவதிலும் வேறு மாதிரி இருக்கின்றனவாம். ஆனால் எலி வேறு, நம் வீட்டுப் பிள்ளை வேறு. நடுவில் இன்னும் நிறைய தூரம் இருக்கிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் லேபுக்குத் தலைமையாக இருந்த பெரிய டாக்டரம்மா. முதல் நாள் பயிற்சியில் நான் எழுந்து, "தயிர் நிறைய கொடுத்தா குழந்தைக்கு அறிவு கூடுமா மேடம்?" என்று கேட்டேன். அவர் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி "தெரியாது!" என்றார். அவ்வளவு படித்தவர் அவ்வளவு சத்தமாக அந்த வார்த்தையைச் சொன்னது எனக்குச் சிரிப்பாக வந்தது. அவர் சிரிக்கவில்லை. "தெரிஞ்சதைச் சொல்றப்ப எல்லாரும் மைக் பிடிச்ச மாதிரி பேசறோம். தெரியாததைச் சொல்றப்ப மட்டும் வாய்க்குள்ள முணுமுணுக்கறோம். கேக்கறவங்களுக்கு முதல்ல சொன்னது மட்டும்தான் காதுல விழும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு மறந்துபோனேன்.

அப்போது எனக்கு ஸ்கூட்டர் கிடையாது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் போய்வருவேன். தெருப் பிள்ளைகள் பெட்டியைப் பார்த்ததும் "சேமியா ஐஸ் இருக்குதா?" என்று பின்னாலேயே ஓடி வருவார்கள். ஒருநாள் மண்டகப்பட்டு பக்கத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கண்டக்டர் என் பெட்டியை முறைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, மீனா? மீனுக்கு லக்கேஜ் போடணும்."

"மீன் இல்லீங்க."

"அப்ப இன்னா? தெறந்து காட்டு."

"மருத்துவ சாமான்" என்று மழுப்பலாம் என்று நினைத்தேன். ஆனால் வெயிலில் நின்று எனக்கு எரிச்சல் ஏறியிருந்தது. "கொழந்தைங்க ஆய். பன்னெண்டு கொழந்தைங்களோடது. தெறக்கவா?" என்றேன். பக்கத்து சீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கோட்டை மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டே செஞ்சி வந்து சேர்ந்தேன். உண்மையை முதலிலேயே உரக்கச் சொன்னால் உட்கார இடம் கிடைக்கும் என்பது அன்றைக்கு நான் கற்றது. இதையும் கொஞ்ச நாளில் மறந்தேன். எனக்கு இரண்டையும் சேர்த்து ஞாபகப்படுத்தியது ஒரு கிராமம்.

அனந்தபுரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஊர். ஊரில் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். மணிலாக் கடலையும் நெல்லும் போடுகிறவர்கள், சென்னைக்கு டிரைவர் வேலைக்குப் போனவர்கள். அங்கே எங்கள் திட்டத்தில் ஒரே தெருவில் நான்கு குழந்தைகள் இருந்தார்கள். நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே வயது, இரண்டரை. அதில் மெர்சி என்ற பெண் குழந்தை வாயை மூடவே மாட்டாள். என்னைக் கண்டதும் "டப்பா ஆயா வந்துட்டா!" என்று தெருவுக்கே அறிவிப்பாள். அந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்பார்கள். எனக்குத் தலைமுடியில் அப்போதுதான் நரை எட்டிப் பார்த்திருந்தது, அதனால் அந்தப் பட்டம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அவளுக்கு எதிர்வீட்டில் ஜோயல். நல்ல சிரித்த முகம், ஆனால் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டியதைக் கையைக் காட்டி வாங்கிக்கொள்வான்.

ஜோயலின் அம்மா ஜெனிஃபர். கணவன் சென்னையில் வண்டி ஓட்டுகிறார். வீட்டில் கணவனின் அக்கா லூர்தம்மாவும் உண்டு. கணவரை இழந்தவர், பிள்ளை இல்லை, ஆடு வளர்க்கிறார். ஜோயலை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான். அந்தப் பையன்மேல் அவருக்கு உயிர்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, உங்கள் வீட்டிலும் இருக்கலாம். குழந்தை பிறந்ததும் குடும்பத்தில் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். சேனை வைப்பது என்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள் என்று நாம் எத்தனை முறை சொன்னாலும், நாம் தெருமுனை திரும்பியதும் வைத்துவிடுவார்கள். ஜோயலுக்குச் சேனை வைத்தது ஜெனிஃபரின் தம்பி. அவன் பாவம், கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லாத சுபாவம். ஜோயல் பேசவில்லை என்றதும் லூர்தம்மா அந்த விரலைத்தான் பிடித்துக்கொண்டார். "ஊமைக்கோட்டான் வெச்ச சேனை. புள்ள எப்டி வாயத் தொறக்கும்?"

இந்த நேரத்தில்தான் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு இளம் டாக்டர் வந்து ஊரில் கூட்டம் போட்டார். மாதா கோயில் பக்கத்து ஷெட்டில் திரை கட்டி, படம் காட்டினார். ஒரு பக்கம் குடல், அதில் பச்சை நிறத்தில் சிரிக்கிற கிருமிகள், சிவப்பு நிறத்தில் முறைக்கிற கிருமிகள். இன்னொரு பக்கம் மூளை. நடுவில் தடித்த அம்புக்குறி. அருமையாகப் பேசினார். "இந்தக் கிருமிங்க நம்ம குழந்தையோட மூளைக்கு மெசேஜ் அனுப்புது" என்றார். நானே கை தட்டினேன். "இது இன்னும் உறுதியாகவில்லை, ஆராய்ச்சியில் இருக்கிறது" என்பதையும் கடைசியில் சொன்னார்தான். அதற்குள் டீயும் பன்னும் வந்துவிட்டன.

ஊர் என்ன புரிந்துகொண்டது என்று பாருங்கள். வாய் வழியாகக் குணம் உள்ளே போகிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும். இப்போது டாக்டரே படம் போட்டு அதைச் சொல்லிவிட்டார். நல்ல கிருமி இருந்தால் பிள்ளை கெட்டிக்காரன், கெட்ட கிருமி இருந்தால் மந்தம். டப்பா ஆயா எடுத்துப்போவது பரீட்சைப் பேப்பர். சீக்கிரம் ரிசல்ட் வரும்.

எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. அதுவரை டப்பா வாங்க நடையாய் நடக்க வேண்டும். "நாளைக்கு வாங்க, இன்னிக்கி போகல" என்பார்கள். அடுத்த சுற்றில் நான் போனபோது நான்கு வீட்டிலும் டப்பா தயாராக இருந்தது. பெயர் எழுதி, துடைத்து, ஒரு வீட்டில் மேலே பவுடர் கூடப் போட்டு வைத்திருந்தார்கள். நான் பூரித்துப்போய் மேனேஜரிடம், "இந்த ஊரைப் பார்த்து மத்த ஊர் கத்துக்கணும் சார்" என்றேன். எதுவாவது திடீரென்று சுலபமாகிவிட்டால் நின்று ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, டீ குடித்தேன்.

கொஞ்ச நாளில் பெரிய டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"உங்க தெருவுல நாலு குழந்தைங்க இருக்காங்களா, ஒண்ணுதான் இருக்கா?"

"நாலு மேடம்."

"டப்பாவுல ஒண்ணுதான் இருக்கு."

அவர் விளக்கினார். ஒவ்வொரு குழந்தையின் வயிற்றிலும் இந்த உயிர்களின் கலவை வேறு வேறாக இருக்கும், கூடப்பிறந்தவர்களுக்குக்கூட அப்படியே ஒத்துப்போகாது. இந்த நான்கும் ஒரே குண்டான் சாம்பாரை நான்கு கிண்ணத்தில் ஊற்றிய மாதிரி இருக்கிறதாம். அதிலும் மூன்று பேர் ஆண் பிள்ளைகள், டப்பாவில் இருப்பதோ பெண் குழந்தையுடையது. முந்தைய சுற்றில் கொடுத்ததோடு ஒத்துப்போவது மெர்சியின் டப்பா மட்டும்தான்.

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஒரே வீட்டில் உட்கார்ந்து நான்கு டப்பாவையும் நானே நிரப்பிவிட்டேன் என்றுதான் அவர் நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை, "வெயில் அதிகமா இருந்துச்சோ?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்போது ஸ்கூட்டர் வாங்கியிருந்தேன். மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் ஐஸ் பெட்டியோடு கிளம்பி நேராக மெர்சி வீட்டுக்குப் போய் வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

விசாரணையே தேவைப்படவில்லை. நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மெர்சி ஓடிவந்து, "டப்பா ஆயா! ஜோயலுக்கும் என் ஆயிதான், பிரின்ஸுக்கும் என் ஆயிதான், எல்லாருக்கும் என் ஆயிதான்!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். உள்ளே அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"கேட்டாங்க நர்சம்மா, குடுத்தேன்." நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. "எம் பொண்ணு நல்லாப் பேசறா இல்ல? அவளுது நல்ல கிருமின்னு எல்லாரும் சொல்றாங்க. மொதல்ல ஜெனிஃபர்தான் வந்து கேட்டா. அப்றம் அவ வாங்கிக்கினான்னு மத்தவங்களும் வந்தாங்க. அக்கம் பக்கத்துல எப்டி இல்லன்னு சொல்றது?"

உறைமோர் கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக்கொடுத்த மாதிரி அத்தனை பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்குக் கோபம் பாதியிலேயே செத்துவிட்டது. படிக்கல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சத்தம் கேட்டு மற்ற இரண்டு தாய்மார்களும் வந்தார்கள். நான் சிரிப்பதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

ஜெனிஃபர் மட்டும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்தவள், சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த இடத்தில் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. என் பெயருக்கு வந்த பழி தீர்ந்துவிட்டது. நான் வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஆனால் எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி சிரிக்கவில்லை என்றால் அவளுக்குச் சிரிக்க முடியாத காரணம் ஒன்று இருக்கும். நான் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா ஜெனிஃபர், மத்தவங்களுக்கு ஆசை. ஒனக்கு இன்னா? ஜோயல்து எடுக்க முடியாதா?"

"எடுக்க முடியல நர்சம்மா" என்றாள். "தண்ணியாப் போவுது. கரண்டில நிக்கல."

உள்ளே பாயில் ஜோயல் படுத்திருந்தான். எப்போதும் என் பெட்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து மூடியைத் தட்டுகிற பையன், அன்றைக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை. கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தேன், மடிப்பு உடனே விழவில்லை. பக்கத்தில் விளக்கெண்ணெய் பாட்டில் இருந்தது.

ஜெனிஃபர் மெதுவாகச் சொன்னாள். கூட்டம் முடிந்த வாரத்திலிருந்து லூர்தம்மா பையனுக்குப் பேதிக்குக் கொடுக்கிறார். கெட்ட கிருமி வெளியே போனால் பேச்சு வரும் என்று. முதலில் வாரம் ஒருமுறை. பேச்சு வரவில்லை என்றதும், இன்னும் முழுசாகப் போகவில்லை என்று நடுவிலும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். "வேணாம் அண்ணின்னா, ஒன் தம்பி வெச்ச வெனையத்தான நான் கழுவறேன்னு அழுவறாங்க. ரிசல்ட்டு நல்லா வந்தா நிறுத்திடுவாங்கன்னுதான் மெர்சிது வாங்கி வெச்சேன்" என்றாள். பொம்மை வைத்துப் பார்க்கிற பெண் வந்த அன்றும், பையன் தேறவில்லை என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்து, அவனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கமாகப் போய்விட்டாளாம்.

நாங்கள் காட்டிய பச்சைக் கிருமியும் சிவப்புக் கிருமியும் அந்தப் பாயில் வந்து நின்றன.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று பையனைத் தூக்கினேன். வாசலில் லூர்தம்மா. ஆடுகளை ஓட்டிவிட்டுத் திரும்பியவர், கையில் தழைக்கொம்போடு நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க தூக்கினு போற?"

"செஞ்சிக்கு. கொழந்தைக்கு ஒடம்புல தண்ணி இல்ல."

"கெட்டது வெளிய வர்ற நேரத்துல நிறுத்தினா உள்ளயே தங்கிடும். மொதல்ல ரிசல்ட்டச் சொல்லு. எம் புள்ள வயித்துல இருக்கறது நல்லதா, கெட்டதா? சொல்லிட்டுத் தூக்கு."

தெருவே வாசலில் கூடிவிட்டது. ஜெனிஃபர் என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது. "நல்லது" என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கொம்பு கீழே இறங்கும், வண்டி கிளம்பிவிடும், இனி விளக்கெண்ணெயும் கிடையாது. "கெட்டது, ஆஸ்பத்திரியிலதான் எடுக்கணும்" என்றாலும் விட்டுவிடுவார். இரண்டுமே சுலபம். நாக்கு நுனி வரை வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் நல்லது என்று சொன்னால், ரிசல்ட் என்று ஒன்று இருப்பதாக நானே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். அடுத்த மாதமும் ஜோயல் பேசவில்லை என்றால்? வயிறு நல்லாத்தானே இருக்குது, அப்ப குத்தம் அம்மாவுடையது என்று பேச்சு அவள் பக்கம் திரும்பும். கெட்டது என்றால் அந்தப் பட்டம் பையனோடு பள்ளிக்கூடம் வரை போகும். ஹாலில் டாக்டரம்மா போட்ட சத்தம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"தெரியாது!" என்றேன். பயத்தில் தேவைக்கு மேல் சத்தமாகவே வந்தது. ஜோயல்கூடக் கண்ணைத் திறந்தான்.

"இன்னாது?"

"எங்களுக்குத் தெரியாது லூர்தம்மா. எனக்கும் தெரியாது, படம் போட்ட டாக்டருக்கும் தெரியாது, அவருக்குப் பெரிய டாக்டருக்கும் தெரியாது. ஒரு புள்ளையோட ஆயப் பாத்து அவன் பேசுவானா பேச மாட்டானான்னு சொல்றதுக்கு ஒலகத்துல இன்னிக்கி ஆள் கெடையாது. தெரிஞ்சிருந்தா நான் ஏன் ஊர் ஊரா பீ அள்ளினு திரியறேன்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். லூர்தம்மா சிரிக்கவில்லை.

"அப்ப அந்தப் படம்?"

"அது தெரிஞ்சத சொல்ற படம் இல்ல. தேடினு இருக்கறத சொல்ற படம். தேடறோம், அவ்ளோதான். யாரு வெச்ச சேனைன்னும் தெரியாது, எந்தக் கிருமின்னும் தெரியாது. ஆனா ஒண்ணு எனக்கு நல்லாத் தெரியும். இந்தக் கொழந்த ஒடம்புல தண்ணி வத்திப்போச்சு. இன்னும் ஒரு தரம் பேதி ஆனா நம்ம கையில நிக்காது. இத மட்டும் சத்தியமா சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். கொம்பு கையிலிருந்து விழுந்தது. "நாந்தான குடுத்தேன்... நல்லா ஆவட்டும்னுதான குடுத்தேன்..." என்று அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உட்கார்ந்து அழ நேரமும் இல்லை. "எந்திரிங்க, நீங்களும் வாங்க. பின்னாடி ஒக்காந்து கொழந்தயப் புடிங்க" என்றேன். ஐஸ் பெட்டியை மெர்சி வீட்டில் போட்டுவிட்டு, நான், ஜெனிஃபர், லூர்தம்மா, நடுவில் ஜோயல், எல்லோரும் ஒரே ஸ்கூட்டரில் செஞ்சிக்கு வந்தோம். இதை நீங்கள் யாரும் செய்யக்கூடாது. திட்டத்தின் விதிப்படியும் தப்பு, போலீஸ் விதிப்படியும் தப்பு. கிளம்பும்போது கலக்கி எடுத்த உப்பு சர்க்கரைக் கரைசலை வழியெல்லாம் ஸ்பூனால் அவன் வாயில் ஊற்றிக்கொண்டே வந்தவர் லூர்தம்மாதான்.

அரசு ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். சாயங்காலம் பையன் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரரின் பிஸ்கெட்டை நோக்கிக் கையை நீட்டினான். எனக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பியது.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தச் சுற்றின் டப்பாக்களில் மெர்சியுடையதைத் தவிர மற்றதைத் தள்ளிவிட்டு, ஏன் தள்ளினோம் என்பதையும் உள்ளபடி எழுதினோம். அந்த இளம் டாக்டர் திரும்ப ஊருக்கு வந்தார். இந்த முறை திரை இல்லை, படம் இல்லை, பன்னும் கடைசியில்தான். "எங்களுக்குத் தெரியாது" என்பதில்தான் ஆரம்பித்தார். நல்ல பையன், முகம் சிவந்திருந்தது. பேசி முடித்ததும் லூர்தம்மா எழுந்து, "அப்ப மெர்சியோட கிருமிய எம் புள்ளைக்கு ஒற ஊத்த முடியாதா சார்?" என்று கேட்டார். டாக்டர் திருதிருவென்று விழித்தார். ஒருவர் குடல் கிருமியை இன்னொருவருக்கு மாற்றுவதைச் சில நோய்களுக்கு வைத்தியமாகவே செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டு, "அதயும் பெரிய பெரிய டாக்டருங்க பாத்துக்கினுதான் இருக்காங்க. நீங்க மட்டும் வீட்ல ஒண்ணும் ட்ரை பண்ணாதீங்க" என்றேன்.

ஜோயலைப் பொம்மைக்காரப் பெண்ணிடம் முறையாகக் காட்டினோம். காது பரிசோதித்தார்கள், நன்றாகக் கேட்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஜெனிஃபரும் லூர்தம்மாவும் மாற்றி மாற்றி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அங்கே சொல்லிக்கொடுத்ததை லூர்தம்மா ஆடுகளை வைத்து வீட்டில் பயிற்சி கொடுப்பாராம். ஏன் அவனுக்குப் பேச்சு தாமதமானது என்று என்னைக் கேட்காதீர்கள். பதிலை ஏற்கனவே சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

மூன்று வயது முடிந்தது. கடைசி டப்பா வாங்கப் போனேன். மெர்சி வழக்கம்போலத் தெருவுக்கு அறிவித்தாள். நான் ஜோயல் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்தேன். அவன் ஓடிவந்தான், பழையபடி மூடியைத் தட்டினான். தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆயா, ஐசு" என்றான்.

வாழ்நாளில் யார் என்னை ஆயா என்று கூப்பிட்டும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "ஐஸ் இல்லடா கண்ணு, ஆய்" என்றேன். அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

ஜெனிஃபர் உள்ளேயிருந்து டப்பாவோடு வந்தாள். லூர்தம்மா பின்னாலேயே வந்து, "நானே பக்கத்துல நின்னு பாத்தேன், எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்றேன்" என்றார். ஜெனிஃபர் டப்பாவை என் கையில் வைத்தாள். முன்பெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே கொடுப்பவள், அன்றைக்கு நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"இது எம் புள்ளைதுதான் நர்சம்மா. தண்ணியா இல்ல. தெறந்து பாருங்க, கெட்டியா இருக்குது."

லேபுக்குப் போகும்வரை டப்பாவைத் திறக்கக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத் திறந்து பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.